உங்களுக்குத் தெரியுமா? முயலும் அட்டைப்பெட்டியும்

முயலின் 28 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். தேயட்டுமே என்று மரக்கட்டையைப் போட்டால் மட்டும் போதாது. கடைவாய்ப் பற்களைத் தேய்க்கக் காய்ந்த புல்தான் வேண்டும்.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கியது எதுவானாலும் குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கம்பள நூலோ ரப்பர் துண்டோ நடுவில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கடித்து விளையாட, அச்சும் மினுமினுப்பும் இல்லாத பழுப்பு அட்டைப்பெட்டி என்றால் பரவாயில்லை. ஒட்டுநாடா, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் பிய்த்தெடுத்துவிட்டுக் கொடுங்கள். கிழித்து விளையாடினால் சரி. தீனிபோல் தின்ன ஆரம்பித்தால் பிடுங்கிவிடுங்கள்.

பழைய பெயின்ட் பூசிய மரத்தில் ஈயம் இருக்கலாம். சார்ஜர் வயரோ அதைவிட மோசம்: வளை தோண்டி வாழ்ந்த பரம்பரை, வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் வேர் என்று நினைத்துவிடுகிறதோ என்னவோ, ஒரே கடியில் துண்டித்துவிடும். மின்சாரம் ஓடினால் அதோடு முடிந்தது.

அரை நாளாகத் தீனியைத் தொடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.