போல்காட்டித் தீவில் ஒரு படகுத்துறை

மெரினா என்றதும் நம்மவர்களுக்குச் சென்னைக் கடற்கரையும் சுண்டலும்தான் நினைவுக்கு வரும். 1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் அங்கே கடலோர நடைபாதை அமைத்து அப்பெயரைச் சூட்டினார். ஆனால் கடலோடிகளிடம் மெரினா என்றால் பொருள் வேறு. பாய்மரப் படகுகளும் உல்லாசப் படகுகளும் வந்து கட்டி நிற்கும் சிறு படகுத்துறைக்கே அந்தப் பெயர். அப்படி ஒன்று நாம் பிழைக்க வந்த இந்தக் கொச்சியிலேயே இருப்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை.

எர்ணாகுளத்துக்கு எதிரே உள்ள போல்காட்டித் தீவில், 1744-இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகையை ஒட்டி இது அமைந்துள்ளது. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 2010-இல் இதைத் திறந்தது. சர்வதேசத் தரத்தில் இந்தியாவில் அமைந்த முதல் மெரினா இதுவே என்பர். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் வால்வோ ஓஷன் ரேஸ் என்னும் உலகைச் சுற்றும் படகுப் பந்தயம் கொச்சியில் தங்கிச் சென்றது. அதற்குப் பின் இத்தகைய துறையின் தேவை பலருக்கும் புரிந்தது.

கொச்சியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? காயலுக்குள் இருப்பதால் கடல் அலை அடிப்பதில்லை. கப்பல் பாதையும் அருகில் உள்ளது. இவற்றைவிட முக்கியமான காரணம், கடல் நீரின் ஏற்ற இறக்கம் இங்கே மிகக் குறைவு என்பதுதான். மும்பையில் நீர் மட்டம் ஒரே நாளில் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் நாட்கள் உண்டு. கொச்சியிலோ அது ஏறக்குறைய 1 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இதன் பலனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். மெரினாவில் படகுகளை அசையாத கற்சுவரில் கட்டுவதில்லை. மிதக்கும் மேடையில் கட்டுகிறார்கள். ஆற்றடியில் ஊன்றிய தூண்களைப் பிடித்துக்கொண்டு அந்த மேடை நீரோடு ஏறி இறங்கும். படகும் கூடவே ஏறி இறங்குவதால், இரவில் எழுந்து கயிற்றைத் தளர்த்தவோ இறுக்கவோ வேண்டியதில்லை. கரையையும் மேடையையும் ஒரு நடைபாலம் இணைக்கும். பாலத்தின் நீளம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீர் 1 மீட்டர் இறங்கினால் சரிவு பத்துக்கு ஒன்று. தள்ளுவண்டியில் சாமான் கொண்டு போகலாம். 4 மீட்டர் இறங்கினாலோ ஏணியில் இறங்குவது போலாகிவிடும்.

வரும் படகுக்கு என்னென்ன தேவை? ரயில் என்ஜினுக்கு ஷெட் எப்படியோ, படகுக்கு மெரினா அப்படி. குடிநீர், டீசல், மின்சார இணைப்பு ஆகியவற்றோடு கழிவுநீரை உறிஞ்சி எடுக்கும் பம்பும் வேண்டும். அந்தப் பம்ப் இல்லையென்றால் அத்தனையும் காயலில்தான் கலக்கும். அதே காயலில் வலை வீசிப் பிழைப்பவர்களை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

வெளிநாட்டுப் படகுகள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை, வடகிழக்குக் காற்றைப் பயன்படுத்தி, தாய்லாந்து, மலேசியா பக்கத்திலிருந்து மேற்கு நோக்கி வருகின்றன. நம் நாட்டின் முதல் துறைமுகத்தை அடைந்ததும் மஞ்சள் கொடி ஏற்றி, சுகாதார அனுமதி கோருவார்கள். பிறகு குடிநுழைவு, சுங்கம், துறைமுக அலுவலகம் என்று வரிசையாகக் காகிதங்கள் முடிய வேண்டும். இந்த வேலை எத்தனை எளிதாக முடிகிறது என்பதைப் பொறுத்தே அடுத்த ஆண்டு வருவோரின் எண்ணிக்கை அமையும். மெரினா திறந்த சமயத்தில் சோமாலியக் கடற்கொள்ளையரின் தொல்லை உச்சத்தில் இருந்தது. 2011-இல் அரபிக் கடலில் ஒரு படகைப் பிடித்து நான்கு அமெரிக்கர்களைக் கொன்றனர். அதன்பின் பல படகுகள் இந்தப் பாதையையே தவிர்த்தன.

“பணக்காரர் படகுக்குப் பொதுப்பணம் எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். படகோடு மட்டும் நின்றுவிட்டால் அது வீண் செலவே. ஆனால் ஒரு படகு ஒரு மாதம் நின்றால் டீசல் மெக்கானிக், பாய் தைப்பவர், ஃபைபர் ஒட்டுபவர், தச்சர், எலக்ட்ரீஷியன் ஆகிய அனைவருக்கும் வேலை உண்டு. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த நம் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளக்கூடிய தொழில்கள்தாம் இவை.

உண்மையான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. கொச்சித் துறைமுகமே தூர் வாரிப் பிறந்தது. வாயிலை அடைத்திருந்த மணல் திட்டை ராபர்ட் பிரிஸ்டோ வெட்டித் திறந்த பிறகுதான், 1928-இல் கடல் செல்லும் கப்பல் உள்ளே நுழைந்தது. இன்றும் ஆண்டுதோறும் தூர் வாரியே கப்பல் பாதையின் ஆழத்தைக் காத்து வருகிறார்கள். மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவரும் சேறு, நீரோட்டம் குறைந்த மூலைகளில்தான் அதிகம் படியும். மெரினாவோ படகுகள் ஆடாமல் நிற்க வேண்டி அமைதியான மூலையில் அமைக்கப்படுவது. பாய்மரப் படகின் அடிக்கட்டை நீருக்குள் 2 மீட்டர் வரை இறங்கியிருக்கும். ஆழம் குறைந்தால் அடிக்கட்டை சேற்றில் பதியும். ஒருமுறை சிக்கிய மாலுமி மறுமுறை வரமாட்டார்; மற்றவர்களையும் போகாதே என்பார்.

தண்டவாளம் போடுவதற்குத் திறப்பு விழா உண்டு. தண்டவாளத்தைப் பராமரிப்பதற்கு விழா கிடையாது. ஆனால் வண்டி ஓடுவது பராமரிப்பால்தான் என்பது ரயில்வேயில் கேங்மேன் முதல் எல்லோரும் அறிந்த பாடம். இந்தச் சிறு துறைக்கும் அதுவே பொருந்தும். ஆண்டுதோறும் ஆழத்தை அளந்து, தூர் வாரத் தனியாகப் பணம் ஒதுக்கினால் மெரினா பிழைக்கும். பலருக்குப் பிழைப்பும் தரும்.