அன்றாட வாழ்க்கைக்கு ஏன் இத்தனை நேயர்கள்?

சமைப்பதையும் சாப்பிடுவதையும் நேரலையாகக் காட்ட ஒருவர்; அதைப் பார்க்கப் பலர். இவர்களை வேலையற்றவர்கள் என்று ஒதுக்கிவிடலாமா?

இது கைத்தொலைபேசி கொண்டுவந்த பழக்கமன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 1996-ஆம் ஆண்டு, கல்லூரி மாணவி ஜெனிஃபர் ரிங்லி தம் விடுதி அறையில் கணினிக் கேமரா ஒன்றைப் பொருத்தினார். குறித்த இடைவெளியில் படங்கள் இணையத்தில் ஏறின. பல நேரங்களில் காலி அறைதான் தெரியும். ஆனாலும் இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். 2003 இறுதியில்தான் அதை அவர் நிறுத்தினார்.

பிறகு தென்கொரியாவில், 2010 வாக்கில், 'முக்பாங்' எனும் சாப்பாட்டு நேரலை பரவியது. அதைப் பார்ப்பவர்களில் தனியாகச் சாப்பிடுபவர்கள் பலர். அவர்கள் தேடுவது பேச்சுத் துணை. காட்டுபவருக்கும் அந்தத் துணை தேவை. கூடவே வருமானமும் வருகிறது. பணம் அனுப்பிய நேயரின் பெயரைச் சொல்லி அவர் நன்றி கூறும்போது, நேயருக்கு நட்பு கிடைத்த நிறைவு.

ஹார்ட்டன், வோல் எனும் ஆய்வாளர்கள் 1956-லேயே தொலைக்காட்சி நேயர்களிடம் இந்த ஒருவழிப் பழக்கத்தைக் கண்டு எழுதினர். எங்களுக்கும் இது தெரியும். கடைத்தெருவில் என்னை உரிமையோடு நலம் விசாரிப்பவர்கள் உண்டு. அவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

நேயருக்குக் காய்ச்சல் என்றால் திரையில் இருப்பவர் அறியமாட்டார். ஆகவே, உங்கள் வீட்டில் யாரேனும் தினமும் திரை முன்னே தனியாகச் சாப்பிட்டால், திட்டாதீர்கள். உங்கள் தட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.