மின்சாரத்தால் பறக்கும் விமானம்

பேருந்தும் ரயிலும் மின்சாரத்தால் ஓடும் இக்காலத்தில், விமானம் மட்டும் ஏன் இன்னும் எண்ணெயை நம்பிப் பறக்கிறது? பிள்ளைகள் கேட்கும் இவ்வினாவுக்கு விடை காண, எடைக் கணக்கைச் சற்றே நோக்குவோம்.

ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறக்குறைய 12 கிலோவாட்-மணி ஆற்றல் அடங்கியுள்ளது. ஒரு கிலோ லித்தியம் மின்கலத்தில் அடங்குவதோ கால் கிலோவாட்-மணி அளவே. மின்பொறி தான் பெறும் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைப் பயனாக்குகிறது. எண்ணெய்ப் பொறியோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே பயனாக்கி, எஞ்சியதை வெப்பமாக இழக்கிறது. இவ்வேறுபாட்டைக் கணக்கிட்ட பின்னும், எண்ணெயின் எடையைப்போல் பதினைந்து மடங்குக்கு மேற்பட்ட மின்கலத்தைச் சுமந்தாக வேண்டும். மேலும், எண்ணெய் எரிய எரிய விமானத்தின் பாரம் குறையும். மின்கலமோ ஆற்றல் தீர்ந்த பின்னும் அதே எடையுடன் உடன்வரும்.

எனினும், குறுகிய தொலைவுக்கு இச்சுமை தாங்கக்கூடியதே. கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் நகரையும் அதைச் சூழ்ந்த கடற்கரை ஊர்களையும் இணைக்கும் ஹார்பர் ஏர் நிறுவனத்தின் கடல்விமானங்கள் பல, அரைமணி அளவே பறப்பவை. அந்நிறுவனம் ஆறு பயணிகள் அமரக்கூடிய பழைய பீவர் விமானமொன்றில் 750 குதிரைத்திறன் கொண்ட மின்பொறியைப் பொருத்தியது. 2019 டிசம்பர் 10-ஆம் நாள், நிறுவனத் தலைவர் கிரெக் மக்டூகல் தாமே அதனை ஓட்டினார். பயணிகள் எவருமின்றி ஃபிரேசர் ஆற்றிலிருந்து எழுந்த விமானம், கால்மணிக்குள் நலமே திரும்பி இறங்கியது. அடுத்த ஆண்டே, ஸ்லொவேனியாவின் பிப்பிஸ்ட்ரெல் நிறுவனம் செய்த இருவர் அமரும் மின் பயிற்சி விமானம் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழைப் பெற்றது. முழுதும் மின்சாரத்தால் இயங்கும் விமானமொன்று இவ்வகைச் சான்றிதழ் பெற்றது அதுவே முதன்முறை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இறங்குமிடத்தில் மூடுபனி சூழ்ந்தால் விமானி வேறிடம் தேட வேண்டும். ஆதலின் பயணத்துக்குத் தேவையானது போக, பொதுவாக அரைமணி நேரமாவது பறப்பதற்குரிய ஆற்றல் இருப்பில் இருத்தல் வேண்டுமென்பது விதி. அரைமணிப் பயணத்துக்கு ஒருமணி நேர மின்கலத்தைச் சுமந்தால், பயணிகளுக்குரிய இடம் குறைகிறது. செலவைக் குறைக்க எண்ணி இவ்விருப்பில் கைவைத்தல் உயிரோடு விளையாடுவதாகும்.

கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் பெருவிமானத்தை இன்றைய மின்கலம் தாங்காது. ஆனால் தீவுக்கும் கரைக்குமிடையே மாணவரையும் நோயாளரையும் ஏற்றிச் செல்லும் சிறு விமானத்துக்கு அது கைகொடுக்கக்கூடும். சாலையில்லா ஊர்களுக்கு அவ்வளவே பெரும் பேறு அன்றோ!