ஐராவதியின் சக்கரக் கப்பல்கள்

கப்பலின் முனையில் இரண்டு பேர் நிற்பார்கள். அடிக்கணக்குக் குறித்த மூங்கில் கழியை ஆற்றில் இறக்கி, ஆழத்தை உரக்கக் கூவிக்கொண்டே வருவார்கள். பர்மாவின் ஐராவதி ஆற்றில் அந்தக் காலத்தில் இந்தக் குரல் இல்லாமல் நீராவிக் கப்பல் நகராது. வெள்ளம் வடிந்தால் அந்த ஆறு மணல்திட்டாகிவிடும். போன வருஷம் கப்பல் போன வழியில் இந்த வருஷம் ஆள் நடந்து போகலாம்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் 1865-இல் தொடங்கிய ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனிதான் இந்த ஆற்றை ஆண்டது. ரங்கூனிலிருந்து மாண்டலேக்கும், அதற்கும் மேலே பாமோவுக்கும் கப்பல் விட்டது. ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரையில் கட்டிய கப்பல்களைப் பிரித்துக் கொண்டுவந்து, ரங்கூனுக்கு எதிர்க்கரையில் உள்ள டல்லாவில் மறுபடி ஆணி அடித்துச் சேர்ப்பார்கள்.

அடிப்பாகம் தட்டையாக இருப்பதுதான் இந்தக் கப்பலின் முதல் சூட்சுமம். பாரம் ஏறினாலும் அது அதிகம் அமிழாது. இன்னொன்று சக்கரம். கடல் கப்பலை உந்தும் விசிறி முழுக்க நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அதற்கு ஆழம் தேவை. பக்கவாட்டுச் சக்கரத்துக்கோ அதன் கீழ்ப்பலகைகள் மட்டும் தண்ணீரைத் தொட்டால் போதும். கொதிகலனின் நீராவி பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் அச்சைச் சுழற்றும், பலகைகள் தண்ணீரைப் பின்னே வாரித் தள்ளும். கம்பெனியின் 'சயாம்' வகைக் கப்பல்கள் 326 அடி நீளம். தளங்களில் நாலாயிரம் பேர் வரை ஏற்றுவார்கள். கப்பலில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் சிட்டகாங் முஸ்லிம்கள்.

கம்பெனி விரைவுக் கப்பலும் விட்டது, சந்தைக் கப்பலும் விட்டது. எனக்கென்னவோ சந்தைக் கப்பல்தான் சுவாரசியம். அதன் தளத்திலும், பக்கத்தில் கட்டி இழுத்துவந்த படகுகளிலும் வியாபாரிகள் வாடகைக்குக் கடை போட்டிருந்தார்கள். கப்பல் ஒவ்வொரு ஊர்த்துறையாக நின்று போகும். கருவாடு, துணி, பாத்திரம் எல்லாம் வாங்க ஊரே பலகை ஏறி உள்ளே வரும். சாலை இல்லாத கிராமங்களுக்குக் கடைத்தெரு ஆற்றோடு வந்தது.

இந்தக் கம்பெனியின் கப்பல்கள்தான் 1885-இல் பிரிட்டிஷ் படையை மாண்டலேக்குக் கொண்டுபோயின. பர்மாவின் மன்னர் தீபாவைச் சிறைபிடித்து இறக்கிவந்ததும் இவைதான். கம்பெனி லாபக் கணக்கில் அதுவும் ஒரு சவாரி.

1920-களில் கம்பெனியிடம் அறுநூறுக்கும் மேற்பட்ட கலங்கள் இருந்தன. 1942-இல் ஜப்பானியர் நெருங்கியபோது, அவர்கள் கையில் சிக்கக்கூடாதென்று கம்பெனி ஆட்களே அவற்றில் பெரும்பகுதியை ஆற்றில் மூழ்கடித்தார்கள். போர் முடிந்ததும் சில புதுக் கப்பல்கள் வந்தன. ஆனால் 1948-இல் பர்மா சுதந்திரமடைந்து, கம்பெனியை அரசே எடுத்துக்கொண்டது. அந்தப் புதுக் கப்பல்களில் ஒன்றான, 1947-இல் கட்டிய 'பாண்டோ'வை 1990-களில் புதுப்பித்துச் சுற்றுலாவுக்கு விட்டார்கள்.