சோர்ந்தவருக்கும் நீதியில் பங்கு உண்டு

ஞாயிறன்று ஆலயத்தில் நீதியைப் பற்றிப் பிரசங்கம் கேட்கிறோம். மறுநாள் செய்தித்தாளைப் பிரித்தால் சாதிக் கொலை, போர், பட்டினி, கொத்தடிமை எல்லாம் வரிசையாக வருகின்றன. நான் ஒருவன் என்ன செய்துவிட முடியும் என்று மனம் தளர்கிறது. அந்தத் தளர்ச்சியோடு, என் விசுவாசம் அவ்வளவுதானோ என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. வேதாகமம் இந்தச் சோர்வை நன்றாக அறிந்திருக்கிறது.

முதலாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ராணி யேசபேல் எலியா தீர்க்கதரிசியைக் கொல்லத் தேடுகிறாள். அவர் பெயெர்செபாவைத் தாண்டி வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவைக் கேட்டு ஜெபிக்கிறார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்குகிறார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். புத்திமதிக்கு முன்னால் சாப்பாடும் தூக்கமும்தான் கிடைக்கின்றன.

பிறகு ஓரேப் மலையில், தான் ஒருவன் மட்டுமே மிஞ்சியிருப்பதாக எலியா முறையிடுகிறார். பாகாலுக்கு முழங்கால் மடக்காத 7,000 பேர் இருக்கிறார்கள் என்பதே பதில். உடன் நிற்க எலிசாவும் கிடைக்கிறார்.

இரண்டு அதிகாரம் தள்ளிப் படியுங்கள். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைக் காய்கறித் தோட்டமாக்க ஆகாப் ராஜா ஆசைப்படுகிறான். பிதாக்களின் சொத்தைக் கொடுக்க நாபோத் மறுக்கிறார். யேசபேல் பொய்ச்சாட்சிகளை நிறுத்தி அவரைக் கல்லெறிந்து கொல்ல வைக்கிறாள். நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட ராஜாவின் முகத்துக்கு நேரே நியாயம் கேட்கப் போனவர் யார்? சாவைக் கேட்டு ஜெபித்த அதே எலியாதான். சோர்ந்து விழுந்ததால் அவர் அழைப்பு ரத்தாகவில்லை.

வரலாற்றிலும் இதைப் பார்க்கலாம். தாமஸ் கிளார்க்சன் இங்கிலாந்துத் திருச்சபையில் டீக்கனாக அபிஷேகம் பெற்றவர். 1785-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் போட்டிக்காக அடிமைமுறை பற்றிக் கட்டுரை எழுதியவர், அதிலேயே ஆயுளைக் கொடுத்துவிட்டார். 1787-இல் லண்டனில் அடிமை வியாபாரத்தை எதிர்த்து 12 பேர் குழு அமைத்தார்கள். அவர்களில் 9 பேர் குவேக்கர் கிறிஸ்தவர்கள். குழுவுக்காகக் கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாகப் போய் மாலுமிகளிடம் சாட்சியம் திரட்டினார். அடிமைகளுக்குப் பூட்டிய விலங்குகளை லிவர்பூல் கடையில் வாங்கி வந்து காட்டினார். ஏழே ஆண்டுகளில் 35,000 மைலுக்கு மேல் அலைந்தார்.

1791-இல் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் மசோதா பாராளுமன்றத்தில் 88-க்கு 163 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. 1794-இல் கிளார்க்சனின் உடல்நலம் முறிந்தது. அவர் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்குப் போய் வீடு கட்டி, நிலம் உழுது வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் பாராளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ் அந்த மசோதாவை மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார். 1804-இல் கிளார்க்சன் போராட்டத்துக்குத் திரும்பி வந்தார். 1807-இல் பிரிட்டனின் அடிமை வியாபாரம் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் 1833-இல்தான் வந்தது. ஒருவர் ஓய்ந்தபோது மற்றவர்கள் சுமந்ததால்தான் இத்தனை நீண்ட வேலை நின்றுபோகவில்லை.

மீகா தீர்க்கதரிசி நியாயத்தையும் இரக்கத்தையும் கேட்டதோடு நிற்கவில்லை. கடவுளோடு தாழ்மையாக நடக்கவும் சொன்னார். உலகத்தை மீட்பவர் நாம் அல்ல என்று ஒப்புக்கொள்வதும் அந்தத் தாழ்மையில் அடங்கும். அதை ஒப்புக்கொண்டவருக்கே தன் பங்கைப் பயமில்லாமல் செய்ய முடியும்.

ஆகவே எல்லா அநியாயத்தையும் தோளில் ஏற்றாதீர்கள். உங்கள் ஊரில், உங்கள் சபையின் எல்லைக்குள் நடக்கும் ஒரே ஒரு அநியாயத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்காக ஏற்கெனவே உழைப்பவர்கள் யார் என்று விசாரித்து அவர்களோடு சேருங்கள். களைத்தால் அவர்களிடமே சொல்லிவிட்டு ஓய்வெடுங்கள். பிறகு கட்டாயம் திரும்பி வாருங்கள்.