தன் முதுகு தனக்குத் தெரியுமா?

"தன் முதுகு தனக்குத் தெரியாது" என்பார்கள். நம் மனம் மட்டும் நமக்கு முழுவதும் தெரியுமா?

தாராவியில் துணி தைப்பவரைப் பாருங்கள். வாய் ஊர்க்கதை பேசும். கால் மிஷினை ஓட்டும். கை துணியைத் தள்ளும். தையல் கோணாது. எப்படி என்று கேட்டால் சிரிப்பார். "பழக்கம்தான்" என்பார். மனதின் ஒரு பகுதி நமக்குத் தெரியாமலே வேலை செய்கிறது. இதை ஆழ்மனம் என்கிறோம். வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு (1856-1939) மறைந்திருக்கும் மனதைப் பற்றி நிறைய எழுதினார்.

கை அசைவது தெரியாமல் இருக்கலாம். கை அசையாததும் தெரியாமல் போகுமா? போகும்!

மூளையின் வலது பக்கத்துக்கு ரத்தம் போவது தடைபட்டால், உடலின் இடது பக்கம் விழுந்துவிடும். இதுதான் பக்கவாதம். அப்போது சிலர், "என் கை நன்றாக இருக்கிறது" என்பார்கள். அது பொய் அல்ல. அவர்கள் அப்படியே நம்புகிறார்கள். உடலின் நிலையை உணர்த்தும் மூளைப் பகுதியும் கெட்டுவிட்டது.

டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் மூளையை ஆராய்ந்தவர். இப்படிப்பட்ட ஒரு அம்மாளைப் பற்றி 1995-ல் எழுதினார். அந்த அம்மாளின் இடது காதில் குளிர்ந்த நீர் விட்டார். உடனே அவர், "என் கை பல நாளாக அசையவில்லை" என்றார். நீரின் பலன் போனதும், "கை நன்றாக இருக்கிறது" என்றார். முன்பு சொன்னதையும் மறுத்தார்.

பார்த்தீர்களா? உண்மை அவருக்குள்ளேயே இருந்தது. அவருக்குத்தான் எட்டவில்லை.

இதனால் நமக்கு என்ன? வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணலாம். ஒரு கை தொங்கலாம். பேச்சு குழறலாம். அவரோ, "எனக்கு ஒன்றும் இல்லை. படுத்தால் சரியாகிவிடும்" என்பார். அந்தச் சொல்லை நம்பிக் காத்திருக்காதீர்கள். சிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை இறங்கினால் உடனே 108-க்கு போன் செய்யுங்கள். தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது.

ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. நோய் தொடங்கிய 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். சீக்கிரம் போட்டால் பலன் அதிகம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

அவருக்குத் தெரியாதது பக்கத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். நாளை உங்களைப் பார்த்து வீட்டார் "வாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றால், நீங்களும் மறுக்காமல் கிளம்புங்கள்.