தூண்கள் நின்ற இடம்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே நதி அகன்று கடலை நெருங்கும் இடத்தில் அமைந்திருக்கும் டண்டீ நகரத்தை நூறு ஆண்டுகளுக்கு முன் நன்கு அறிந்திருந்த ஒருவர் இன்று அதன் மத்தியப் பகுதிக்கு வந்து நிற்பாரானால், பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த புனித மேரி ஆலயத்தின் கோபுரத்தை முதலில் தேடிப் பிடித்து, அதைக் கொண்டே மற்ற வீதிகளின் திசையை அறிந்துகொள்வார். யுத்தத்தில் நகரத்தின் நடுப்பகுதியே தரைமட்டமான ஊர்களின் வரிசையில் டண்டீ சேராது. அங்கே மறைந்த கட்டடங்களில் பெரும்பாலானவை ஊராரின் சொந்த நகரசபை கூடித் தீர்மானம் செய்து, வரைபடம் போட்டு, அபிவிருத்தி வரும் என்ற நம்பிக்கையோடு இடித்தவை.

அந்நகரத்தின் செல்வம் நம் நாட்டோடு நேரான சம்பந்தம் உடையது. வங்காளத்து வயல்களில் விளைந்த சணல், கல்கத்தாவில் கப்பலேறி டண்டீத் துறைமுகத்தில் இறங்கி, அங்குள்ள ஆலைகளில் நூலாகவும் கோணியாகவும் உருமாறி, உலகத்தின் தானியத்தையும் பருத்தியையும் காப்பிக்கொட்டையையும் சுமந்து திரிந்த காலம் ஒன்று இருந்தது. அதே துறைமுகத்திலிருந்து திமிங்கில வேட்டைக்கும் கப்பல்கள் சென்றுவந்தமையால், முரட்டு நாரை இளக்கி நூற்பதற்கு வேண்டிய எண்ணெயும் ஊரிலேயே கிடைத்தது. ஆலைகளில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் ஸ்திரீகள். குறைந்த கூலிக்குப் பெண்களையே அமர்த்திக்கொள்ள முதலாளிகள் விரும்பியதால் வேலையற்று வீட்டோடு இருந்த ஆடவர்களுக்குக் 'கெட்டில் காய்ச்சுவோர்' என்றே ஊரில் பெயர் வழங்கிற்று. 1855-இல் ஹூக்ளி நதிக்கரையில் சணல் ஆலை தோன்றி, டண்டீயிலிருந்தே இயந்திரங்களும் மேற்பார்வையாளர்களும் அங்கே சென்று சேர்ந்த பின், தாய்நகரத்தின் வர்த்தகம் படிப்படியாகத் தேய்ந்தது.

ஆயினும் தேயுமுன் அந்தச் சணல் பணம் நகரத்தின் நடுவில் தன் முத்திரையைப் பதித்துச் சென்றது. ஆலை அதிபர் ஜேம்ஸ் கேர்ட் ஒரு லட்சம் பவுன் நன்கொடை வழங்க, 1914-இல் அஸ்திவாரம் இடப்பட்டு 1923-இல் திறக்கப்பட்ட கேர்ட் மண்டபம் அவருடைய ஞாபகார்த்தமாக இன்றும் கம்பீரமாக நிற்கிறது. உறைகடலில் கப்பலை இழந்த துருவ ஆராய்ச்சியாளர் ஷாக்கிள்டன், துணைவர்களைக் காப்பாற்ற உதவி தேடி 1916-இல் கொந்தளிக்கும் தென்கடலைக் கடந்த அந்தச் சிறு படகும் கேர்டின் பெயரையே தாங்கியிருந்தது. கொடையாளரைப் பற்றிக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் கொடையால் எழுந்த மண்டபத்தின் முகப்பு ஊராரின் பார்வைக்கு வரவேண்டும் என்பதற்காக நகரசபை செய்த காரியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மண்டபத்திற்கும் ஹை ஸ்ட்ரீட்டிற்கும் இடையே வில்லியம் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் 1730-களில் நிர்மாணித்த பழைய நகர மாளிகை இருந்தது. மாளிகை என்ற சொல்லுக்கு ஏற்ற படாடோபம் அதில் அதிகம் இல்லை. ஆனால் அதன் கீழ்த்தளம் முழுவதும் வளைவுகளோடு கூடிய திறந்த நடையாக இருந்தமையால், மழைக்கு ஒதுங்குபவனும், நண்பனுக்காகக் காத்திருப்பவனும், ஊர் வம்பு பேச வருபவனும், வேலை கிடைக்காமல் வெறுமனே நிற்பவனும் யாரிடமும் அனுமதி கேளாமல் அங்கே போய் நிற்க முடிந்தது. ஜனங்கள் அந்தக் கட்டடத்தைத் 'தூண்கள்' என்றே அழைத்தார்கள். எதிர்ப்புக் குரல்களுக்கிடையே 1932-இல் அதை இடித்து, அந்த இடத்தைச் சதுக்கமாக விரித்தார்கள். இப்போது அங்கே கேர்ட் மண்டபத்தின் பருத்த தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அவை நிமிர்ந்து பார்க்கத் தக்கவை, பழைய தூண்களோ சாய்ந்து நிற்பதற்கு உரியவை. ஒரு நகரத்தின் அடையாளம் எது என்று தீர்ப்பளிக்கும் உரிமை எனக்கு இருக்குமானால், நிமிர்ந்து பார்க்க வைக்கும் கட்டடத்தைவிடச் சாய்ந்து நிற்க இடம் தரும் கட்டடத்திற்கே அந்த ஸ்தானத்தை அளிப்பேன்.

இந்தக் காரணத்தினாலேயே, டண்டீக்காரர்கள் பெருமூச்சு விட்டுப் பேசும் ராஜவளைவின் இழப்பு எனக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. 1844-இல் விக்டோரியா ராணி கப்பலில் வந்து இறங்கியபோது மரத்தால் அவசரமாக எழுப்பிய தோரணத்தைப் பின்னர் கல்லில் நிலைநிறுத்தினார்கள். 1964-இல் டே சாலைப் பாலத்திற்கு வழி விடுவதற்காக அதைத் தகர்த்து, பழைய கப்பல்துறைகளையும் தூர்த்தார்கள். உண்மையான நஷ்டம் தோரணத்தில் இல்லை. தோரணத்தைத் தாண்டி நடந்தால் தண்ணீர் வரும் என்ற நிச்சயத்தில் இருந்தது. 1966-இல் பாலம் திறந்தபோது, அதிலிருந்து இறங்கும் வாகனங்களுக்காகச் சுழன்று வளைந்த சாலைகள் ஊருக்கும் நதிக்கும் நடுவே படுத்துக்கொண்டன. பிற்பாடு அவற்றின் அருகே டேசைட் ஹவுஸ் என்ற அரசாங்கக் கோபுரம் எழுந்து நின்றது. பாலம் எழுந்த ஆண்டுகளில்தான், நெருக்கமும் அழுக்கும் நிறைந்திருந்தாலும் கடையும் குடியும் கலந்து ஜீவனோடு விளங்கிய ஓவர்கேட் வீதியையும் துடைத்தெடுத்துக் கான்கிரீட் அங்காடி கட்டினார்கள். அதுவும் நாற்பது ஆண்டு நிலைக்கவில்லை. நூற்றாண்டின் முடிவில் அதைப் பிரித்து மீண்டும் கட்டியபோது, மேரி ஆலயத்தை நோக்கிக் கண்ணாடிச் சுவர் ஒன்றை வளைத்து வைத்தார்கள். அது ஒன்றே அங்கே பாராட்டத்தக்க அம்சம்.

2001-இல் தொடங்கி முப்பது ஆண்டுக் காலத்துக்கென வகுத்த ஆற்றங்கரைத் திட்டம் முந்தைய தலைமுறையின் வேலையைத் தலைகீழாக்கும் முயற்சி. டேசைட் ஹவுஸை இடித்தார்கள். சாலைச் சுழல்களை நேராக்கினார்கள். டண்டீ ஆலையில் உழைத்துப் பின் நைஜீரியாவில் கிறிஸ்தவ ஊழியம் செய்த மேரி ஸ்லெஸர் பெயரால் பூங்கா அமைத்தார்கள். அதற்கப்பால், 2018 செப்டம்பரில், ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடித்த விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் நீரோரமாகத் திறக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் வடகோடிக் கடற்பாறைகளை ஞாபகமூட்டும் அதன் சாய்ந்த சுவர்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். 45 மில்லியன் பவுன் என்று சொல்லி ஆரம்பித்த செலவு 80 மில்லியனாக வளர்ந்ததைப் பற்றி ஊரில் எழுந்த கோபமும் நியாயமானதே. இருப்பினும் அக்கட்டடத்தின் நடுவே, மேலே இணைந்தும் கீழே பிரிந்தும் நிற்கும் இரு பகுதிகளுக்கு இடையில், ஒரு பெரிய குகைபோல் திறந்த வழி இருக்கிறது. யூனியன் வீதியில் இறங்கிவரும் ஒருவர், உள்ளே செல்ல எண்ணமே இல்லாவிட்டாலும், அந்த வழியாக நடந்து நதியை அடையலாம். மழை பெய்தால் அங்கேயே ஒதுங்கியும் நிற்கலாம். பக்கத்தில், 1901-இல் இதே ஊரில் கட்டித் தென்துருவத்திற்கு அனுப்பிய டிஸ்கவரி கப்பல், 1986-இல் திரும்பி வந்து ஓய்வு கொண்டிருக்கிறது. 'தூண்கள்' போய் எண்பத்தாறு ஆண்டுகள் கழித்து, அந்த நடையின் குணத்தை ஓரளவாவது உடைய இடம் ஒன்று டண்டீக்கு மீண்டும் கிடைத்திருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

ஆற்றங்கரைக்குக் கிடைத்த கவனம் உள்வீதிகளுக்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தத்திற்குரியது. மரேகேட் வீதியின் தரையில் பழைய டிராம் தண்டவாளங்களை அருமையாகப் பாதுகாத்திருக்கிறார்கள். ஆனால் இணைய வியாபாரம் பெருகிய பிறகு இருபுறமும் கடைகள் வெறிச்சோடி வருகின்றன. அதன் முனையில், பழைய வெல்கேட் வீதியை அழித்து 1978-இல் திறந்த அங்காடியிலும் பூட்டிய கடைகளே அதிகம். அந்தக் கட்டடத்தின் மேற்பகுதியில் நகரத்தின் மத்திய நூலகம் இயங்குகிறது. வாங்குவதற்கு ஒன்றுமில்லாத நாளிலும் மாணவர்களும் முதியவர்களும் அதற்காகவே படியேறுகிறார்கள். வெல்கேட்டை இனி எவ்விதம் மாற்றி அமைக்க எண்ணினாலும், முதலில் அந்த நூலகத்திற்கும், அதற்கு ஏறும் வழிக்கும் இடம் குறித்து வைத்துவிட்டு, அதன் பிறகே மற்ற கோடுகளை வரைபடத்தில் இழுக்க வேண்டும்.